வேலையை விட்ட பிறகு வரும் வழக்குகள்: எங்கே சறுக்குகிறார்கள்?

முன்னாள் ஊழியருக்கு வக்கீல் நோட்டீஸ் வந்தது என்றால், எல்லோரும் பேசுவது ஒரே ஒரு ஷரத்தைப் பற்றித்தான்: "விலகியபின் இத்தனை காலம் போட்டி நிறுவனத்தில் சேரக் கூடாது." ஆனால் உண்மையில் ஆளைக் கவிழ்ப்பது பெரும்பாலும் அந்த ஷரத்து அல்ல. விலகுவதற்கு முந்தைய சில நாட்களில் அவர் கணினியில் செய்து வைத்த வேலைதான்.

"அதெல்லாம் கோர்ட்டில் நிற்காது" என்று நண்பர் சொன்னதை அப்படியே நம்புவதில் ஆரம்பிக்கிறது சிக்கல். நிற்குமா நிற்காதா என்பது எந்த நாட்டுச் சட்டம் பொருந்துகிறது என்பதைப் பொறுத்தது. இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872-இன் 27-ஆம் பிரிவுப்படி, ஒருவர் பிழைப்புக்குத் தொழில் செய்வதைத் தடுக்கும் ஒப்பந்தம் அந்தத் தடையைப் பொறுத்தவரை செல்லாது. கலிஃபோர்னியாவிலும் ஏறக்குறைய இதே நிலைதான். இங்கிலாந்தில் தடை நியாயமான எல்லைக்குள் இருந்தால் செல்லும். ஜெர்மனியில் அதிகபட்சம் 2 வருடம் தடுக்கலாம். ஆனால் அந்தக் காலம் முழுக்க, கடைசியாக வாங்கிய ஊதியத்தில் பாதியாவது நிறுவனம் கொடுக்க வேண்டும். அமெரிக்கா முழுவதும் இத்தகைய தடைகளை ஒழிக்க 2024-இல் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் ஒரு விதி கொண்டுவந்தது. அது அமலுக்கு வருமுன்பே டெக்சாஸ் நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது. ஆகவே அங்கே மாநிலத்துக்கு மாநிலம் கதை மாறும். எந்த நாட்டுச் சட்டம், எந்த ஊர் நீதிமன்றம் என்று ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கங்களில் எழுதியிருக்கும். யாரும் படிக்காத பக்கங்கள் அவை.

இந்தியாவிலேயே இன்னொரு குழப்பமும் உண்டு. பாண்டையும் (இத்தனை காலம் வேலை செய்வேன், இல்லையேல் பணம் கட்டுவேன் என்று எழுதிக் கொடுப்பது) போட்டித் தடையையும் ஒன்றாக நினைத்துக்கொள்கிறார்கள். மூன்று வருடம் முடியுமுன் விலகினால் 2 லட்சம் ரூபாய் கட்ட வேண்டும் என்ற விஜயா வங்கியின் நிபந்தனையை 2025-இல் உச்ச நீதிமன்றம் செல்லும் என்றது. வேலையில் இருக்கும் காலத்தைப் பற்றிய நிபந்தனை அது, விலகிய பிறகு பிழைப்பைத் தடுப்பதல்ல என்பதுதான் காரணம். 27-ஆம் பிரிவு காப்பாற்றும் என்று பாண்டைக் கிழித்துப் போட்டவருக்குக் கைக்காசு போகும்.

சரி, போட்டித் தடை செல்லாது என்றே வைத்துக்கொள்வோம். ரகசியம் காக்கும் கடமை அதோடு சேர்ந்து போய்விடாது. இந்த இடத்தில்தான் பலரும் விழுகிறார்கள். கூகுளின் தானோட்டிக் கார் பிரிவில் இருந்த பொறியாளர் ஆந்தனி லெவண்டோவ்ஸ்கி, 2016-இல் விலகுமுன் சுமார் 14,000 கோப்புகளை எடுத்துச் சென்றதாக வழக்கு எழுந்தது. அவர் தொடங்கிய நிறுவனத்தை வாங்கிய ஊபர், 2018-இல் சுமார் 24.5 கோடி டாலர் மதிப்புள்ள பங்குகளைக் கொடுத்து வழக்கை முடித்துக்கொண்டது. வணிக ரகசியத் திருட்டுக் குற்றத்தை ஒப்புக்கொண்ட அவருக்கு 2020-இல் 18 மாதச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. அடுத்த ஜனவரியில் அதிபரின் மன்னிப்பு கிடைத்தது வேறு விஷயம். இவ்வளவும் நடந்தது, போட்டித் தடையே செல்லாத கலிஃபோர்னியாவில்.

"நானே தயாரித்த எக்செல் ஷீட்தானே, எனக்கு நானே மெயில் அனுப்பிக்கொண்டால் என்ன?" என்பார்கள். சம்பளம் வாங்கிக்கொண்டு செய்த வேலை பொதுவாக நிறுவனத்துக்குச் சொந்தம். எந்த நிமிடத்தில் எந்தக் கோப்பு எந்தப் பென்டிரைவுக்குப் போனது என்ற பதிவும் அவர்களிடம் இருக்கும். கற்றுக்கொண்ட திறமையை யாரும் பிடுங்க முடியாது. வாடிக்கையாளர் பட்டியலும் விலை விவரமும் திறமை ஆகாது. இதைவிட மோசம், நோட்டீஸ் வந்ததும் பயந்துபோய் எல்லாவற்றையும் அழிப்பது. அப்புறம் அந்தக் கோப்பில் ஒன்றுமே இல்லை என்று நிரூபிக்கவும் வழியில்லை. சாட்சியத்தை அழித்தவர் என்ற பெயர்தான் மிஞ்சும். தொடாமல் அப்படியே வைத்து, வக்கீல் மூலம் திருப்பிக் கொடுப்பதே சரி.

நோட்டீஸ் பீரியடில் இருந்துகொண்டே வாடிக்கையாளர்களையும் சக ஊழியர்களையும் புது இடத்துக்கு இழுப்பதும் இதே ரகம். அப்போது நீங்கள் இன்னும் பழைய நிறுவனத்தின் ஊழியர். வாட்ஸ்அப் குழு ஒன்றே போதும் சாட்சிக்கு.

நிறுவனங்களும் சளைத்தவை அல்ல. இன்டர்நெட்டில் கிடைத்த வாசகத்தை வரவேற்பாளர் முதல் இயக்குநர் வரை எல்லோருடைய நியமனக் கடிதத்திலும் ஒட்டிவிடுகிறார்கள். இங்கிலாந்தில் டில்மன் என்பவரின் வழக்கில், போட்டி நிறுவனத்தில் பங்கு வைத்திருப்பதைக்கூடத் தடுக்கும்படி ஷரத்து அகலமாக எழுதப்பட்டிருந்தது. 2019-இல் உச்ச நீதிமன்றம் அந்தச் சொற்களை மட்டும் வெட்டிவிட்டு மீதியைக் காப்பாற்றியது. நிறுவனம் ஜெயித்தது, ஆனால் தடைக்காலமான ஆறு மாதம் எப்போதோ முடிந்திருந்தது. தாமதமும் இப்படியே கெடுக்கும். விஷயம் தெரிந்தும் பல மாதம் சும்மா இருந்துவிட்டு இடைக்காலத் தடை கேட்டால், இப்போது என்ன அவசரம் என்றுதான் நீதிபதி கேட்பார்.

முதல் நோட்டீஸுடன் பெரும்பாலும் ஓர் உறுதிமொழிப் பத்திரமும் வரும். தொல்லை தீர்ந்தால் போதும் என்று கையெழுத்துப் போடுகிறவர்கள் பலர். பழைய ஒப்பந்தத்தில் இல்லாத கட்டுப்பாடுகளை அதில் சேர்த்திருப்பார்கள். சில நேரம் தவறு செய்ததாக ஒரு வரியும் இருக்கும். பழைய ஒப்பந்தத்தையும் இந்தப் பத்திரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வரிவரியாக ஒப்பிட்டு, கூடுதலாக இருப்பதை வக்கீலிடம் காட்டி நீக்கச் சொல்லுங்கள். கோபத்தில் நீங்களே பதில் மெயில் அனுப்பாதீர்கள். கொடுத்த கெடுவுக்குள் பதில் போகாமலும் விடாதீர்கள்.