வேலைப் பயணத்தோடு அம்மாவையும் அழைத்துப் போகிறீர்களா? முதல்முறை செய்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

அலுவலக வேலையாக ஐந்து நாள் வேறு ஊருக்குப் போகச் சொல்கிறார்கள். வெள்ளிக்கிழமை மாலையோடு வேலை முடிந்துவிடும். அடுத்து வரும் சனி, ஞாயிறை அதே ஊரில் அம்மாவோடு கழித்துவிட்டு வரலாமே என்று தோன்றினால், தயங்காமல் செய்யுங்கள். நான் மூன்று முறை செய்திருக்கிறேன். முதல் முறை திங்கட்கிழமையே அம்மாவை உடன் அழைத்துப் போய்விட்டேன். நான் காலையில் கிளம்பி இரவு திரும்புவேன். அவர் நாள் முழுக்க அறையிலேயே இருந்தார். "போரடிச்சுதாம்மா?" என்று கேட்டதற்கு, "எனக்கென்னடா, நல்லா ரெஸ்ட் எடுத்தேன்" என்றார். சனிக்கிழமை காலையில்தான் அவர் முகம் எவ்வளவு வாடியிருந்தது என்பதைக் கவனித்தேன். அடுத்த இரண்டு முறையும் திட்டத்தையே மாற்றினேன். மாற்றியதைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன்.

படி 1: அம்மாவிடம் சொல்லும் முன் அலுவலகத்தில் கேளுங்கள்

அம்மாவிடம் முதலில் சொல்லிவிட்டால் அன்றைக்கே பெட்டியைக் கீழே இறக்கிவிடுவார். அப்புறம் அனுமதி கிடைக்கவில்லை என்று சொல்லும்படி ஆனால் இருவருக்குமே வருத்தம். அதனால் மேலாளருக்கு முதலில் ஒரு சின்ன மின்னஞ்சல் அனுப்புங்கள். இந்த அளவு போதும்:

"வெள்ளி மாலை வேலை முடிந்ததும் இரண்டு நாள் சொந்தச் செலவில் அங்கேயே தங்கி, ஞாயிறு மாலை திரும்ப விரும்புகிறேன். அம்மா உடன் இருப்பார். திரும்பும் டிக்கெட்டில் கட்டண வித்தியாசம் வந்தால் நான் கட்டிவிடுகிறேன். இதற்கு ஒப்புதல் தேவை."

டிக்கெட் போடும் நாளிலேயே, வெள்ளி இரவுக்கும் ஞாயிறு மாலைக்கும் உள்ள கட்டணங்களை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். கட்டணம் தினமும் மாறும். பிறகு கணக்குப் பிரிவில் யாராவது கேட்டால் காட்ட வேறு ஆதாரம் இருக்காது. அலுவலகம் எடுத்துக் கொடுக்கும் பயணக் காப்பீடு எந்தத் தேதி வரை செல்லும் என்றும் கேளுங்கள். பல இடங்களில் அது வேலை நாட்களோடு முடிந்துவிடும், அம்மாவுக்கு அதில் இடமே இருக்காது. அவருக்குத் தனியாக ஒரு காப்பீடு எடுத்துவிடுவதே நல்லது.

படி 2: அம்மா எந்த நாளில் வரவேண்டும்?

நிறையப் பேர் யோசிக்காமல் விட்டுவிடும் இடம் இதுதான். என் தீர்மானமான கருத்து: அம்மா வெள்ளிக்கிழமை மதியமோ மாலையோ வந்து சேரட்டும். திங்களன்றே வந்தால் அந்த ஐந்து நாளும் அவர் உங்கள் வேலைக்குக் காத்திருப்பவராகத்தான் இருப்பார். மாலையில் களைத்துப் போய் நீங்கள் திரும்பும்போது, "நீ படுத்துக்கப்பா, நாளைக்குப் பாத்துக்கலாம்" என்பார். வெள்ளியன்று வந்தால் அது அவருக்கென்றே ஏற்பாடு செய்த பயணம். அந்த வித்தியாசம் அம்மாவுக்கு நன்றாகவே தெரியும்.

வெள்ளி மாலை வேலை இழுத்துக்கொண்டே போகும் வழக்கம் உள்ள அலுவலகமா? அப்படியானால் சனிக்கிழமை காலை முதல் வண்டியில் வரச் சொல்லுங்கள். விமான நிலையத்தில் அவர் தனியாகக் காத்திருக்கும்படி விடாதீர்கள்.

தனியாகப் பயணம் செய்து பழக்கமில்லை, கூட வந்தால்தான் உண்டு என்றால் திங்களன்றே அழைத்துப் போகலாம். அப்படிச் செய்தால் படி 5-ஐ இரண்டு முறை படியுங்கள்.

படி 3: டிக்கெட்டும் அறையும்

திரும்பும்போது இருவரும் சேர்ந்து வருவீர்கள். ஆனால் உங்கள் டிக்கெட்டை அலுவலகம் எடுத்திருக்கும், அம்மாவுடையதை நீங்கள் எடுத்திருப்பீர்கள். பி.என்.ஆர். எண் இரண்டும் வேறு வேறு. விமானம் ரத்தானால் ஒருவருக்கு மட்டும் வேறு விமானத்தில் இடம் கிடைத்து, மற்றவர் பின்தங்கிவிட வாய்ப்புண்டு. அதனால் விமான நிறுவனத்தைத் தொலைபேசியில் அழைத்து, இரண்டு முன்பதிவுகளும் ஒரே குடும்பத்துடையவை என்று குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

ஓட்டலில் தனித்தனியாக இரண்டு கட்டில் உள்ள அறையைக் கேளுங்கள். லிஃப்ட் உண்டா, குளியலறையில் தொட்டியா வெறும் ஷவரா என்று விசாரியுங்கள். தொட்டியின் விளிம்பைத் தாண்டி ஈரக்காலோடு இறங்குவது முழங்கால் வலி உள்ளவர்களுக்கு ஆபத்து. அம்மாவின் பெயரையும் விருந்தினர் பட்டியலில் சேர்க்கச் சொல்லுங்கள். சனி, ஞாயிறுக்கு உரிய பில் உங்கள் பெயரில் தனியாக வரவேண்டும்.

படி 4: பயண நாளில் உடம்பு

வயதானவர்கள் பயணத்தில் செய்யும் ஒரு காரியம் பிள்ளைகளுக்குத் தெரியாது. கழிவறைக்கு அடிக்கடி போகவேண்டுமே என்ற தயக்கத்தில் தண்ணீர் குடிப்பதையே குறைத்துவிடுவார்கள். சிலர் நீர் பிரியும் மாத்திரையையும் சொல்லாமல் விட்டுவிடுவார்கள். அம்மாவிடம் இதைக் கூச்சமில்லாமல் பேசுங்கள். நடைபாதை ஓர இருக்கை வாங்கிக் கொடுத்தாலே பாதித் தயக்கம் போய்விடும். மாத்திரை நேரத்தை மாற்ற முடியுமா என்று அவருடைய மருத்துவரைக் கேளுங்கள், நீங்களாக மாற்றாதீர்கள்.

நான்கு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் உட்கார்ந்து பயணம் செய்தால் கால் ரத்தக் குழாய்களில் ரத்தம் உறையும் அபாயம் ஏறக்குறைய இரண்டு மடங்காகிறது என்று உலக சுகாதார நிறுவனம் 2007-இல் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது. மொத்தத்தில் அந்த அபாயம் மிகக் குறைவுதான், பயப்பட வேண்டாம். ஆனால் ரயில், பஸ், கார் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். மணிக்கு ஒருமுறை எழுந்து நடக்கச் சொல்லுங்கள். முடியாதபோது கணுக்காலை மேலும் கீழும் அசைத்தால் போதும்.

மருந்துகள் அனைத்தும் கைப்பையில், மருந்துச் சீட்டோடு. இன்சுலினைச் சரக்குப் பெட்டியில் போடவே கூடாது. அங்கே அது உறைந்துபோக வாய்ப்புண்டு, ஒருமுறை உறைந்த இன்சுலினைப் பயன்படுத்தக் கூடாது.

சக்கர நாற்காலி என்றாலே அம்மா முகம் சுளிப்பார். "எனக்கென்ன நடக்க முடியாதா?" பெரிய விமான நிலையங்களில் வாசலிலிருந்து விமானம் வரை நடை நீளம். நெடுந்தூரம் நடக்க மட்டும் உதவி வேண்டும், படி ஏறுவேன் என்பவர்களுக்கென்றே டபிள்யூ.சி.எச்.ஆர். என்று ஒரு தனிக் குறியீடு இருக்கிறது. முன்பதிவின்போதே, தாமதமானால் 48 மணி நேரத்துக்கு முன்பாவது, இதைச் சொல்லிவிடுங்கள். தனியாக வரும் அம்மாவுக்கு இன்னொரு நன்மையும் உண்டு: எந்த வாசல், எந்த வரிசை என்று அவர் தேடி அலைய வேண்டியதில்லை, உதவியாளரே அழைத்துப் போவார்.

படி 5: அம்மா அறையில் தனியாக இருக்கும் நேரம்

வெள்ளி மாலை ஒரு மணி நேரமானாலும் சரி, ஐந்து நாளானாலும் சரி, இதற்குத் தயார் செய்யுங்கள். முதல் பயணத்தில் அம்மா தாழ்வாரத்தில் ஏதோ சத்தம் கேட்கிறதே என்று கதவைத் திறந்து எட்டிப் பார்த்திருக்கிறார். கதவு தானாகவே சாத்திப் பூட்டிக்கொண்டது. சாவி அட்டை உள்ளே, போனும் உள்ளே. அறை எண்ணும் நினைவில்லை. நாற்பது நிமிடம் தாழ்வாரத்திலேயே நின்றிருக்கிறார். இதை அவர் என்னிடம் சொன்னது ஊர் திரும்பிய பிறகு.

ஆகவே அறைக்குள் நுழைந்ததும் பத்து நிமிடம் ஒதுக்கி, எல்லாவற்றையும் அம்மாவையே செய்யச் சொல்லுங்கள். நீங்கள் செய்து காட்டினால் தலையாட்டிவிடுவார், மனதில் நிற்காது. சாவி அட்டையை அவரே வைத்துக் கதவைத் திறக்கட்டும். சுவரில் உள்ள செருகியில் அட்டையை வைத்தால்தான் விளக்கு எரியும் என்பதை அவரே பார்க்கட்டும். வெந்நீர்க் குழாயை அவர் கையால் திருப்பட்டும். குழாய்க்குக் குழாய் திசை மாறும், கை சுட்டுவிடும். வரவேற்பறைக்கு ஒருமுறை அவரே போன் செய்து பேசட்டும். சாவி அட்டை இரண்டு வாங்குங்கள். ஒன்று செருகியில் இருக்கட்டும், இன்னொன்று எப்போதும் அம்மாவிடம்.

பிறகு ஒரு தாளில் பெரிய எழுத்தில் தமிழில் எழுதி மேசைமேல் வையுங்கள்: அறை எண், ஓட்டல் பெயர், உங்கள் எண், நீங்கள் திரும்பும் நேரம், அந்த ஊரின் அவசர எண். நேரத்தை எழுதும்போது ஒரு மணி நேரம் கூட்டியே எழுதுங்கள். ஆறு மணி என்று எழுதிவிட்டு ஏழுக்கு வந்தால் அந்த ஒரு மணி நேரம் அவர் கவலையில் கரைந்துபோவார்.

படி 6: சனியும் ஞாயிறும்

"எங்கம்மா போகலாம்?" என்று கேட்காதீர்கள். "உன் இஷ்டம்" என்ற பதில்தான் வரும். இரண்டு இடங்களின் படத்தைக் காட்டி, "இதுவா, அதுவா?" என்று கேளுங்கள். அம்மாவின் விருப்பம் அப்போதுதான் வெளியே வரும். என் அம்மாவுக்குக் கட்டடங்களைவிட நீர்நிலைகள் பிடிக்கும் என்பதே எனக்கு இப்படித்தான் தெரிந்தது, அதுவும் அவருடைய அறுபத்தெட்டாவது வயதில்.

காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. நடுவே அறைக்குத் திரும்பிப் படுத்து எழவேண்டும். இதற்குமேல் எதையும் திணிக்காதீர்கள். பார்க்கும் இடத்தில் உட்கார இடம், கழிவறை இரண்டும் இருக்கின்றனவா என்று முந்தைய நாளே பாருங்கள். திங்கள் வரை நீட்டிக்கிறீர்கள் என்றால், பல அருங்காட்சியகங்களுக்குத் திங்கள்தான் விடுமுறை என்பதை மறக்க வேண்டாம்.

அலுவலக மின்னஞ்சலைச் சனி காலையிலேயே போனில் நிறுத்தி வையுங்கள். நீங்கள் போனைப் பார்த்ததும் அம்மா பேச்சை நிறுத்திவிடுவார். நீங்கள் நிமிர்ந்த பிறகு அதே பேச்சைத் தொடரவும் மாட்டார்.

படி 7: அறையைக் காலி செய்யும்போது

குளிர்ப்பெட்டிக்குள் இன்சுலின், குளியலறைக் கண்ணாடித் தட்டில் பல்செட், தலையணைக்கு அடியில் மூக்குக் கண்ணாடி. இந்த மூன்று இடங்களையும் நீங்களே பாருங்கள். உங்கள் பெட்டியில் கால்வாசி இடம் காலியாக விட்டு வையுங்கள். தெரிந்தவர்களுக்கெல்லாம் அம்மா வாங்கியது அதில்தான் வரவேண்டும்.