போட்டோ பேக்ரவுண்ட அழிக்காதீங்க, மறைங்க: கிம்ப்ல லேயர் மாஸ்க் வச்சு செய்முறை

போட்டோல பின்னாடி இருக்கறத எடுக்கணும்னு சொன்னதும் எல்லாரும் முதல்ல கைய வைக்கறது எரேசர்லதான். நானும் அப்படித்தான் ஆரம்பிச்சேன். அக்காவோட ஒரு போட்டோ, முகம் அவ்ளோ நல்லா வந்துருக்கு, ஆனா பின்னாடி பாதி திறந்த கதவு, துணி தொங்குற கொடி எல்லாம் தெரியுது, இத மட்டும் எடுத்துக் குடுன்னு கேட்டா, ராத்திரி ரெண்டு மணி நேரம் உக்காந்து ஓரம் ஓரமா அழிச்சு சேவ் பண்ணிட்டு படுத்துட்டேன். காலைல பாத்தா ஒரு பக்கத்து தோட்டுல பாதிய காணோம். அதே ஃபைல் மேலயே சேவ் பண்ணிருந்ததால அத திருப்பி கொண்டு வர வழியே இல்ல, அக்காகிட்டயும் வேற காப்பி கிடையாது.

அதனாலதான் யாரு புதுசா கத்துக்க வந்தாலும் எரேசர தொடவே தொடாதீங்கன்னு முதல்ல சொல்லிடுவேன். லேயர் மாஸ்க் போடுங்க. லேயர்னா ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கி வச்ச கண்ணாடித் தாள் மாதிரி, ஒவ்வொண்ணுலயும் தனித்தனியா வேலை பண்ணலாம். மாஸ்க்னா உங்க போட்டோ மேல அதே சைஸ்ல ஒட்டி வச்ச ஒரு கறுப்பு வெள்ளை காகிதம் மாதிரி. அதுல வெள்ளையா இருக்கற எடத்துல போட்டோ தெரியும், கறுப்பா இருக்கற எடத்துல மறஞ்சிடும், சாம்பல் கலர்னா பாதி தெரியும். வழக்கமான 8 பிட் படத்துல கறுப்புலேந்து வெள்ளை வரைக்கும் 256 படி இருக்கு, தலைமுடி ஓரத்துல கொஞ்சம் கொஞ்சமா மங்கற மாதிரி வர்றது இந்த நடு படிகளாலதான். முக்கியமா, கீழ இருக்கற போட்டோல ஒரு புள்ளி கூட அழியாது, தப்பு பண்ணா வெள்ளைய தடவுனா போதும், போனது திரும்ப வந்துடும்.

நான் இதுக்கு எடுத்துக்கறது கிம்ப்ங்கற போட்டோ எடிட்டிங் சாஃப்ட்வேர். இலவசம், விண்டோஸ், மேக், லினக்ஸ் மூணுலயும் ஓடும், 1995ல ரெண்டு கல்லூரி மாணவர்கள் ஆரம்பிச்சது, 2025ல 3.0 வந்துடுச்சு. போட்டோஷாப் வச்சிருக்கறவங்களுக்கும் இதே யோசனைதான், மெனு பேரும் கீயும்தான் மாறும்.

முதல்ல போட்டோவ நல்லா பாருங்க

உடனே வேலைய ஆரம்பிக்காம, போட்டோவ 100 சதவீதத்துல வச்சு (கிம்ப்ல 1 கீய அமுக்குனா போதும்) ஓரத்த சுத்தி ஒரு நடை போய்ட்டு வாங்க. எங்க கஷ்டம் வரும்னு அப்பவே தெரிஞ்சிடும். வெள்ளை சட்டை போட்டவர் வெள்ளை சுவர் முன்னாடி நின்னா தோள்பட்டை ஓரம் எந்த டூலுக்கும் தெரியாது, அத நீங்கதான் கைல வரையணும். இடுப்புல கை வச்சு நின்னா கைக்கும் இடுப்புக்கும் நடுவுல ஒரு முக்கோணம் இருக்கும், அதுக்குள்ள பழைய பேக்ரவுண்ட் ஒளிஞ்சிருக்கும். தோட்டு வளையத்துக்குள்ளயும் அப்படித்தான். மூக்குக் கண்ணாடி போட்டவங்க முகத்த கொஞ்சம் திருப்பியிருந்தா, கண்ணாடியோட ஓரத்து வழியா பின்னாடி சுவர் தெரியும், இத நிறைய பேர் விட்டுடறாங்க.

இன்னொண்ணு, மெசேஜ் ஆப்ல வந்த போட்டோவ அப்படியே எடுக்காதீங்க. அனுப்பும்போதே அத சுருக்கியிருக்கும், ஓரமெல்லாம் கட்டம் கட்டமா உடைஞ்சு போயிருக்கும், அதுல என்ன பண்ணாலும் சுத்தமா வராது. டாக்குமெண்ட்டா அனுப்பச் சொல்லி கேளுங்க.

வேலைய ஆரம்பிக்கலாம்

போட்டோவ ஓபன் பண்ணதும் ஷிஃப்ட், கண்ட்ரோல், டி (D) மூணையும் சேர்த்து அமுக்குங்க, லேயர் ரெண்டாயிடும். அடில இருக்கற லேயரோட கண் ஐகான கிளிக் பண்ணி மறைச்சுடுங்க, அது உங்க காப்பி, அந்தப் பக்கமே போக வேண்டாம். மேல இருக்கற லேயர ரைட் கிளிக் பண்ணி ஆட் ஆல்ஃபா சேனல் குடுங்க. ஜேபெக் படத்துல ஊடுருவித் தெரியற தன்மை கிடையாது, அந்த வசதிய சேர்க்கறதுதான் இது. (இந்த ஆல்ஃபாங்கற பேரு 1970களோட கடைசில எட் கேட்மல், ஆல்வி ரே ஸ்மித்னு ரெண்டு பேர் வச்சது. இன்னிக்கு சினிமா கிராஃபிக்ஸ்லேந்து உங்க போன்ல இருக்கற ஸ்டிக்கர் வரைக்கும் அதே ஆல்ஃபாதான்.)

அடுத்து ஆள செலக்ட் பண்ணனும். டூல்ஸ் மெனுல செலக்‌ஷன் டூல்ஸ்குள்ள ஃபோர்கிரவுண்ட் செலக்ட்னு இருக்கும். முதல்ல ஆள சுத்தி மவுச புடிச்சு தோராயமா ஒரு கோடு போடுங்க, ஒட்டி வர வேண்டாம், தலைமுடிக்கு வெளிய கொஞ்சம் எடம் விட்டே போங்க. எண்டர் அமுக்குனா வெளிப்பக்கம் அடர்நீலமா மாறும். இப்ப மவுஸ் பிரஷ் மாதிரி ஆயிடும், அதால ஆள் மேல தடவுங்க. முகம், சட்டை, கை, முடியோட நடுப்பகுதின்னு எத்தனை கலர் இருக்கோ அத்தனையும் கொஞ்சம் கொஞ்சம் தொட்டுடணும். ஆனா முடி நுனிய தொடாதீங்க. நீங்க தடவாம விட்ட எடத்ததான் சாஃப்ட்வேர் தானா கணக்கு போட்டு, எது முடி எது சுவர்னு பிரிக்கும், நுனியையும் தடவிட்டா நடுவுல இருக்கற சுவரையும் முடின்னு எடுத்துக்கும். கை இடுப்பு முக்கோணத்துல டிரா பேக்ரவுண்ட் மாத்திட்டு ஒரு கோடு போடுங்க. ப்ரிவியூ மாஸ்க்ல டிக் பண்ணி பாருங்க, விட்டுப்போன எடத்துல இன்னும் ரெண்டு தடவு தடவி, திருப்தியானதும் எண்டர். பெரிய படம்னா கொஞ்ச நேரம் எடுக்கும், ஹேங் ஆயிடுச்சுன்னு மூடிடாதீங்க.

ஒரே கலர் சுவருக்கு ஃபஸி செலக்ட் டூலே போதும், கிளிக் பண்ண கலர் மாதிரி ஒட்டி இருக்கற எடத்த மொத்தமா எடுத்துக்கும். சுவர கிளிக் பண்ணி, ஷிஃப்ட் அமுக்கிட்டே விட்டுப்போன எடத்தயும் கிளிக் பண்ணி சேர்த்து, கடைசில கண்ட்ரோல் ஐ குடுத்து செலக்‌ஷன திருப்பிக்கோங்க.

ஆள சுத்தி எறும்பு ஊர்ற மாதிரி கோடு ஓடுதா? லேயர ரைட் கிளிக் பண்ணி ஆட் லேயர் மாஸ்க், அதுல செலக்‌ஷன்ங்கறத தேர்ந்தெடுத்து ஆட். பேக்ரவுண்ட் மறஞ்சு சாம்பல் கட்டம் தெரியும். இங்க ஒரு முக்கியமான விஷயம், உடனே ஷிஃப்ட், கண்ட்ரோல், ஏ அமுக்கி செலக்‌ஷன எடுத்துடுங்க. எடுக்கலன்னா அடுத்து பிரஷ் அந்தக் கோட்டுக்கு வெளிய வேலையே செய்யாது, பிரஷ் கெட்டுப்போச்சான்னு அரை மணி நேரம் தேடுவீங்க.

ஓரத்த சரி பண்றது, நேரம் எல்லாம் இங்கதான் போகும்

அந்த சாம்பல் கட்டத்த நம்பாதீங்க, அதுல எல்லா தப்பும் ஒளிஞ்சுக்கும். புதுசா ஒரு லேயர் போட்டு, கண்ண பறிக்கற பச்சையோ சிவப்போ நிரப்பி, ஆளுக்கு கீழ இழுத்து வைங்க. இப்ப பாருங்க, காதோரம் ஒரு வெள்ளைக் கோடு, தோள்ல ஒரு கடிச்ச மாதிரி பள்ளம், எல்லாம் பளிச்சுனு தெரியும்.

இப்ப லேயர் பக்கத்துல இருக்கற மாஸ்க்கோட குட்டிப் படத்த கிளிக் பண்ணுங்க. இத மறந்தா கறுப்பு மை நேரா போட்டோ மேலயே விழுந்துடும். டிஃபால்ட்டுக்கு டி (D) அமுக்குனா கறுப்பு வெள்ளை வரும், எக்ஸ் அமுக்க அமுக்க ரெண்டும் மாறி மாறி வரும். பி (P) அமுக்கி பிரஷ் எடுங்க. மறைக்க கறுப்பு, கொண்டு வர வெள்ளை, அவ்ளோதான். பிரஷ்ஷோட ஓரம் எப்படி இருக்கணும்னா, போட்டோவோட ஃபோகஸ் அந்த எடத்துல எப்படி இருக்கோ அப்படி. முகம் கூர்மையா இருந்தா கன்னத்து ஓரத்துக்கு ஹார்ட்னஸ் கூட வைங்க, பின் தோள் ஃபோகஸ் போயிருந்தா அங்க மெத்துனு பிரஷ். எல்லா எடத்துக்கும் ஒரே பிரஷ் போட்டாதான் கத்தரிக்கோலால வெட்டி ஒட்டுன மாதிரி வர்றது.

சுத்தி முழுக்க மெல்லிசா பழைய பேக்ரவுண்ட் கோடு தெரிஞ்சா ஒவ்வொரு எடமா தடவிட்டு இருக்காதீங்க. மாஸ்க்க செலக்ட் பண்ணி கலர்ஸ் மெனுல லெவல்ஸ் திறந்து, இன்புட்ல இடது ஓரத்து கறுப்பு முக்கோணத்த கொஞ்சம் வலது பக்கம் நகத்துங்க. ஓரத்துல இருக்கற அடர் சாம்பல் எல்லாம் கறுப்பாகி, மாஸ்க் ஒரு சுத்து உள்ள வந்துடும். ரொம்ப இழுத்தா முடி நுனியும் போயிடும், பாத்து இழுங்க.

முடில மட்டும் இன்னொரு தொல்லை இருக்கு. வடிவம் சரியா வந்துருக்கும், ஆனா நுனி எல்லாம் பழைய சுவரோட கலர்ல மினுமினுக்கும். இதுக்கு மாஸ்க்க தொட வேண்டாம், போட்டோவோட குட்டிப் படத்த கிளிக் பண்ணிட்டு, பிரஷ் கைல இருக்கும்போதே கண்ட்ரோல் அமுக்கி நல்ல முடில ஒரு கிளிக், அந்தக் கலர் பிரஷ்ல ஏறிடும், ஒபாசிட்டி (எவ்ளோ அழுத்தமா தெரியணும்ங்கற அளவு) குறைச்சு நுனி மேல லேசா தடவுங்க. வடிவத்த மாஸ்க் பாத்துக்கும், கலர மட்டும்தான் நீங்க மாத்தறீங்க. இதுக்காக அடில மறைச்சு வச்ச அசல் லேயர் இருக்கு, அதனால பயமில்லாம தடவலாம்.

புது பேக்ரவுண்ட்

கண்ட்ரோல், ஆல்ட், ஓ அமுக்குனா புதுப் படம் தனி லேயரா வரும், அத ஆளுக்கு கீழ இழுத்து விட்டு, பச்சை லேயர மறைச்சுடுங்க. ஒட்டறது ஈசி, ஒட்டுனது தெரியாம இருக்கறதுதான் வேலை. முகத்துல வெளிச்சம் இடது பக்கத்துலேந்து விழுதுன்னா, புதுப் படத்துலயும் வெளிச்சம் இடதுலேந்துதான் வரணும், வராட்டி படத்த ஃப்ளிப் பண்ணிப் பாருங்க. போர்டு, எழுத்து ஏதும் இருந்தா மட்டும் ஃப்ளிப் வேண்டாம், கண்ணாடில பாக்கற மாதிரி இடவலமா மாறித் தெரிஞ்சிடும். ட்யூப்லைட்ல எடுத்த ஆள சாயங்கால வெயில்ல நிறுத்துனா கலர் ஒட்டாது, கலர் டெம்பரேச்சர்ல ஆள கொஞ்சம் மஞ்சள் பக்கம் தள்ளுங்க. பேக்ரவுண்டுக்கு கொஞ்சம் காஷியன் ப்ளர் (மங்கலாக்கற ஃபில்டர்) குடுத்தா கேமராலயே எடுத்த மாதிரி பின்னாடி போய் உக்காரும்.

முழு உருவப் படம்னா நிழல் இல்லாம ஆள் காத்துல மெதப்பாங்க. ஆளுக்கும் பேக்ரவுண்டுக்கும் நடுவுல ஒரு காலி லேயர் போட்டு, காலுக்கு அடில மெத்துனு கறுப்பு பிரஷ்ல தடவுங்க, பாதம் தரைய தொடற எடத்துல நல்லா கறுப்பா, விலக விலக மங்கலா. அப்புறம் லேயர் ஒபாசிட்டிய 40 சதவீதம் பக்கத்துல கொண்டு வந்து பாத்து கூட்டி குறைச்சுக்கலாம்.

ஒரே கிளிக்ல எடுத்துத் தர்ற சைட்டும் ஆப்பும் இருக்கேன்னு கேப்பீங்க. இருக்கு, போட்டோஷாப்ல செலக்ட் சப்ஜெக்ட் 2018லயே வந்துடுச்சு, அவசரத்துக்கு நல்லாவே செய்யும். ஆனா வெப்சைட்ல ஏத்துனா உங்க வீட்டுப் படம் யாரோ ஒருத்தர் கம்ப்யூட்டருக்கு போகுது, குழந்தைங்க படம்னா எனக்கு அது மனசே வராது. அது எடுத்துத் தந்தாலும் தோட்டு வளையமும் கண்ணாடி ஓரமும் கடைசில உங்க கைக்குத்தான் வரும்.

சேவ் பண்றப்ப ரெண்டு ஃபைல் வேணும். கண்ட்ரோல் எஸ் குடுத்தா எக்ஸ்சிஎஃப் ஃபைல், அதுலதான் லேயரும் மாஸ்க்கும் உயிரோட இருக்கும். வெளிய குடுக்கறதுக்கு ஷிஃப்ட், கண்ட்ரோல், ஈ போட்டு எக்ஸ்போர்ட் பண்ணுங்க, பேக்ரவுண்ட் இல்லாம வேணும்னா பிஎன்ஜி, ஜேபெக்ல குடுத்தா காலி எடமெல்லாம் வெள்ளையோ வேற கலரோ நிரம்பிடும். புது பேக்ரவுண்ட் வச்சாச்சுன்னா ஜேபெக்கே போதும். எக்ஸ்சிஎஃப்ப மட்டும் எடம் அடைக்குதுன்னு அழிச்சிடாதீங்க, ஒரு வாரம் கழிச்சு காதோரம் ஏதோ ஒண்ணு கண்ணுல படும், அப்ப அத திறந்து மாஸ்க்க கிளிக் பண்ணி வெள்ளை பிரஷ்ஷ எடுத்தா ரெண்டு நிமிஷ வேலை.