கைக்கோடாரி வாங்கும்போது நாம் செய்யும் தவறுகள்

போன மாசியில் அழகர்கோவில் பக்கம் நண்பர் ஒருவரின் மாந்தோப்பில் ராத்தங்கல் போட்டோம். ஆறு பேர், இரண்டு கூடாரம், இரண்டு கிலோ ஆட்டுக்கறி. இணையத்தில் வாங்கிய என் புதுக் கைக்கோடாரிக்கு அன்றுதான் வெள்ளோட்டம். மொத்த எடை 480 கிராம், நீளம் ஒரு சாணுக்குக் கொஞ்சம் கூட. பையில் வைத்ததே தெரியவில்லை என்று வழியெல்லாம் பெருமை பேசிக்கொண்டு வந்தேன். வேலியோரம் காய்ந்து கிடந்த சீமைக்கருவேல முண்டில் மூன்றாவது போடு போட்டபோது, கோடாரியின் வாய், அதாவது வெட்டும் விளிம்பு, கட்டையில் இறங்காமல் வழுக்கி வந்து என் ஷூவின் ஓரத்தைக் கிழித்தது. கணுக்கால் தப்பியது நூலிழையில். திருப்பிப் பார்த்தால் வாயில் இரண்டு இடத்தில் பல் விழுந்திருக்கிறது. சத்தம் கேட்டு வந்த தோப்புக் காவல்காரர் தன் அரிவாளால் சடசடவென்று வேண்டிய சுள்ளியை ஒதுக்கிப் போட்டுவிட்டு, என் கோடாரியைக் கையில் வாங்கிப் பார்த்தார். "இது எதுக்குத் தம்பி, நுங்கு சீவவா?" என்றார்.

அவர் கேட்டதில் தப்பில்லை. நான் வாங்கும்போது பார்த்தது ஒரே ஒரு எண், அதாவது கிராம் கணக்கு. முதுகில் சுமக்கிற சாமானில் ஒவ்வொரு நூறு கிராமும் கணக்குத்தான், மறுக்கவில்லை. ஆனால் கோடாரியில் வேலை பார்ப்பதே அந்த எடைதான். தலை போதிய கனம் இருந்தால் நாம் தூக்கிக் குறி பார்த்து இறக்கினால் போதும், மிச்சத்தை அதுவே பார்த்துக்கொள்ளும். தலை லேசாக இருந்தால் அந்தக் குறையைத் தோள்பட்டை ஈடுகட்ட வேண்டும். பத்து நிமிடத்தில் கை சோர்ந்துவிடும், சோர்ந்த கைக்குக் குறி தப்பும்.

அதைவிடப் பெரிய தப்பு, கோடாரி குட்டையாக இருந்தால் ஆபத்தும் குறைவு என்று நினைத்தது. உண்மை நேர் எதிர். நீளக் கணை (கைப்பிடி) போட்ட கோடாரி குறி தப்பினால் பெரும்பாலும் நமக்கு முன்னால் தரையில்தான் போய் இறங்கும். குட்டைக் கோடாரி அரைவட்டம் போட்டுத் திரும்பி வந்து முடிகிற இடம் நம் முழங்காலும் முன்னங்காலும். அதனால்தான் கைக்கோடாரியால் வெட்டும்போது நிற்கக் கூடாது, மண்டியிட்டு உட்கார வேண்டும், வெட்டுகிற விறகுக்கு அடியில் ஒரு அடிக்கட்டை கொடுக்க வேண்டும் என்பார்கள். நான் நின்றுகொண்டு, வெறுந்தரையில் வைத்து வெட்டினேன்.

சரி, எவ்வளவு எடை, எவ்வளவு நீளம்? 1902 முதல் கோடாரி அடித்து வரும் ஸ்வீடன் நாட்டு கிரான்ஸ்போர்ஸ் பட்டறையின் இரண்டு அளவுகளை வைத்துப் பேசலாம். பைக்குள் அடங்குகிற சின்னது மொத்தம் 600 கிராம் அளவில் இருக்கும், நீளம் சுமார் 34 செ.மீ. அதற்கு மேலே உள்ள சிறு காட்டுக் கோடாரி 900 கிராமை ஒட்டி வரும், கணை ஏறக்குறைய அரை மீட்டர். நம்மூர் வீட்டு விறகுக்கோடாலியின் தலை மட்டுமே ஒன்றரை, இரண்டு கிலோ வரும் என்பதோடு ஒப்பிட்டால் இரண்டுமே லேசுதான். என்னைக் கேட்டால் மதுரைப் பக்கத்து விறகுக்கு இரண்டாவது அளவுதான் சரி. தலை 600 முதல் 700 கிராம், கணை 16 முதல் 19 அங்குலம், மொத்தம் ஒரு கிலோவைத் தாண்டாமல். இதற்குக் கீழே போனால் சுமக்க மட்டும்தான் சுகம்.

அந்த 'மதுரைப் பக்கத்து விறகு' என்பதை யாரும் யோசிப்பதே இல்லை. இணையத்தில் கோடாரி பற்றிப் பேசுகிற பாதிப் பேர் பைன், பிர்ச் மாதிரி குளிர்நாட்டு மரங்களை வெட்டுகிறவர்கள். வெட்டினால் வெண்ணெய் மாதிரி இறங்குகிறது என்று அவர்கள் சொன்னால் அது அந்த மரத்தின் குணமும் சேர்த்துத்தான். அதற்கென்றே வாயை மெல்லியதாகத் தீட்டி வைத்திருப்பார்கள். அதே வாயைக் காய்ந்த சீமைக்கருவேலத்தில் போட்டால் என்ன ஆகும் என்பதை என் கோடாரி காட்டிவிட்டது. நம் பக்கம் கிடைப்பது வேலம், சீமைக்கருவேலம், புளி, வேம்பு. இவற்றில் புளி தனி ரகம். கறிக்கடையில் வெட்டுக்கட்டையாகப் புளியங்கட்டையை ஏன் போடுகிறார்கள்? நார் ஒன்றுக்குள் ஒன்று பின்னிக் கிடப்பதால் எத்தனை வெட்டு வாங்கினாலும் அது பிளக்காது. அதைப் பிளந்து அடுப்பெரிக்கலாம் என்று கைக்கோடாரியோடு உட்கார்ந்தால் விடிந்துவிடும். சவுக்கு கிடைத்தால் அதிர்ஷ்டம், நேராகப் பிளக்கும், நின்று எரியும். ஆகவே வாங்குவதற்கு முன்னால், நாம் தங்கப் போகிற இடத்தில் என்ன விறகு கிடைக்கும் என்று பாருங்கள். கெட்டி மரம் என்றால் வாய் கொஞ்சம் தடித்து, இரண்டு கன்னமும் லேசாக உப்பியிருக்கிற தலை வேண்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மணிக்கட்டுத் தடிமனுக்குள் உள்ள விறகுக்குக் கோடாரியே வேண்டியதில்லை. 200, 250 கிராம் எடையில் மடக்கு ரம்பம் கிடைக்கிறது. அறுப்பதில் கோடாரி அதன் பக்கத்தில் நிற்க முடியாது, காலில் படும் பயமும் குறைவு. முள் ஒதுக்கவும் கிளை கழிக்கவும் அரிவாளை மிஞ்ச ஆளில்லை. கோடாரிக்கு மிஞ்சுவது பிளக்கிற வேலையும், பின்பக்கத்தால் கூடார முளையை அடிக்கிற வேலையும்தான். அந்த முளை அடிக்கும் வேலைக்கென்று சுத்தியல், ஆணி பிடுங்கி, இடுக்கி என்று எல்லாம் ஒன்றாகச் சேர்த்த சாமான்கள் விற்கிறார்களே, அவற்றைத் திரும்பிக்கூடப் பார்க்காதீர்கள். எல்லாமாகவும் இருப்பது எதுவாகவும் இருப்பதில்லை. தலையில் ஓட்டை ஓட்டையாகப் போட்டுக் கறுப்புச் சாயம் அடித்தவையும் அந்த வகைதான்.

எங்கே கொண்டுபோகிறோம் என்பதில் பலர் கோட்டை விடுகிறார்கள். மலையேறப் போகிறோம், கோடாரி இருக்கட்டும் என்று மேகமலைக்கோ கொடைக்கானல் காட்டுக்கோ கிளம்பக் கூடாது. காப்புக்காட்டில் மரம் வெட்டுவதும் தீ மூட்டுவதும் 1882-ம் ஆண்டின் தமிழ்நாடு வனச் சட்டப்படி குற்றம். சரணாலயம், புலிகள் காப்பகம் என்றால் 1972-ம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் சேர்ந்துகொள்ளும். ஸ்ரீவில்லிபுத்தூர்-மேகமலை 2021 முதல் புலிகள் காப்பகம். சட்டத்தை விடுங்கள், 2018 மார்ச் 11 அன்று குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கி மலையேறப் போனவர்களில் இருபது பேருக்கு மேல் இறந்ததை இந்தப் பக்கத்துக்காரர்கள் மறந்திருக்க மாட்டோம். கோடாரிக்கு வேலை இருப்பது சொந்தத் தோப்பில், தெரிந்தவர் தோட்டத்தில், சிறுமலை மாதிரி இடங்களில் உள்ள தனியார் எஸ்டேட்டில், அதுவும் உடையவர் சம்மதத்தோடு. போகும் வழியில் பைக்கில் பளபளவென்று சொருகிக்கொண்டும் போகாதீர்கள். மதுரையைச் சுற்றி எந்தச் சோதனைச்சாவடியிலும் "விறகு வெட்டத்தான் சார்" என்ற பதில் சீக்கிரம் எடுபடாது. உறை போட்டு, சாக்கில் சுற்றி, பையின் அடியில் வையுங்கள். உறைக்கு ஒரு துண்டு தண்ணீர்க் குழாயை நீளவாக்கில் கீறி வாயில் மாட்டி, சைக்கிள் ட்யூபால் கட்டினாலே போதும்.

பல் விழுந்த என் கோடாரியைச் சாணை பிடிக்கக் கொடுத்ததில் இன்னொரு பாடம். கடைக்காரர் மின்சாரச் சாணையில் பொறி பறக்க ஒரே அழுத்தாக அழுத்தினார். வாயோரம் நீலம் பாரித்தது. நன்றாக வேலை செய்திருக்கிறார் என்று காசு கொடுத்துவிட்டு வந்தேன். இரும்பு சுமார் 300 டிகிரிக்குச் சூடேறினால் வருகிற நிறம் அது. வாயில் அந்த நிறம் வந்தால் ஏற்றியிருந்த பதம், அதாவது இரும்பின் கடினம், இறங்கிவிட்டது என்று அர்த்தம். அடுத்த தடவை வாய் உடையவில்லை, மடங்கியது. அரத்தால் ராவி, தண்ணீர் தொட்டுக் கல்லில் தீட்டுவதுதான் கோடாரிக்கு நல்லது. புதிதாக வாங்கும்போதும் அந்த அரமே சோதனைக்கு உதவும். வாயில் வைத்து லேசாக இழுத்தால் கொஞ்சமாகப் பிடிக்க வேண்டும். கண்ணாடியில் வழுக்குவது போல வழுக்கினால் பதம் அதிகம், பல் விழும். மாவு மாதிரி ராவினால் பதமே இல்லை.

கடைசியில் திருப்பாச்சேத்திக்குப் போனேன். அரிவாளுக்குப் பேர்போன ஊர், மதுரையிலிருந்து ராமேசுவரம் சாலையில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். பட்டறைக்காரர் என் கோடாரியைப் பார்த்துச் சிரிக்கவில்லை. கணையின் அடிப்பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். மரத்தின் ரேகை வாய்க்குக் குறுக்காக ஓடியது. "வாய் போற திசையிலதான் ரேகையும் போகணும் தம்பி. இப்படிக் குறுக்க ஓடுனா அடி தாங்காது, பிளந்துக்கும்" என்றார். கணையைக் கண்ணுக்கு நேரே பிடித்து, வாய் நடுவில் நிற்கிறதா என்று பார்த்தார். ஒரு விரலில் கால்வாசி அகலம் ஒதுங்கியிருந்தது. வார்னிஷ் வேறு. வேர்த்த கையில் அது மீன் மாதிரி நழுவும். சுரண்டிவிட்டு, பெயின்ட் கடையில் விற்கும் ஆளிவிதை எண்ணெய் தடவுவதுதான் முறை. தேங்காயெண்ணெய் தடவாதீர்கள், அது காயாது, பிசுக்குத்தான் மிஞ்சும்.

பழைய லாரி ஸ்பிரிங் பட்டையில் 650 கிராமுக்கு ஒரு தலை அடித்துக் கொடுக்கச் சொன்னேன். "எதை வெட்டப் போறீங்க?" என்று கேட்டார். நான் கோடாரி வாங்கியபோது என்னை யாரும் கேட்காத கேள்வி. சொன்னேன். வாயைக் கொஞ்சம் தடிப்பாக விட்டு, பதம் ஏறத் தோய்த்துக் கொடுத்தார். கணைக்கு என்று நான் கொண்டுபோயிருந்த வேலங்கட்டையை மட்டும் நகத்தால் கீறிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

"இன்னும் பச்சையா இருக்கு. இப்ப மாட்டினா நம்மூரு வெயில்ல சுருங்கி, வீசுறப்ப தலை கழண்டு பறக்கும்."

"தண்ணியில ஊறப்போட்டா இறுகிக்காதாண்ணே?"

"ஊறுற வரைக்கும் இறுகும். காய்ஞ்சா முன்னைவிட லூசாயிரும். நிழல்ல நல்லாக் காய வச்சுக் கொண்டாங்க, ஆப்பு வச்சு அடிச்சுத் தர்றேன்."

தலை எண்ணெய்த் துணியில் சுற்றி அலமாரியில் இருக்கிறது. கட்டை பரணில் காய்ந்துகொண்டிருக்கிறது.