பாத்ரூம் பிளக் பாயிண்ட்: எம்சிபியை நம்பி ஏமாறாதீர்கள்

"எம்சிபி போட்டிருக்கிறோமே, ஷாக் அடித்தால் டிரிப் ஆகிவிடும்." பாத்ரூம் வயரிங் பேச்சு வந்தாலே காதில் விழும் வாக்கியம் இது. பெரிய தவறும் இதுதான். 16 ஆம்பியர் எம்சிபி, அதாவது மின்சாரம் அளவுக்கு மீறினால் தானே அணையும் சுவிட்ச், இருப்பது வயர் சூடேறி எரியாமல் காக்க. ஆளைக் காப்பது அதன் வேலையே இல்லை. உடம்பு வழியாக 0.03 ஆம்பியர், அதாவது 30 மில்லிஆம்பியர், சில நொடிகள் பாய்ந்தாலே மூச்சு தடுமாறலாம். ஈரத்தோலில் அந்த அளவு எளிதாகப் பாயும். எம்சிபிக்கு அது கணக்கிலேயே வராது.

வேண்டியது ஆர்சிசிபி, அதாவது மின்கசிவைக் கண்டு துண்டிக்கும் சுவிட்ச். போன மின்சாரம் முழுதும் திரும்பி வந்ததா என்று பார்த்துக்கொண்டே இருக்கும். குறைந்தால் கண்ணிமைக்கும் நேரத்தில் துண்டித்துவிடும். வாங்கும்போது 30 மில்லிஆம்பியரா என்று பாருங்கள். 100, 300 என்று இருப்பவை இதற்கு உதவாது. டெஸ்ட் பட்டனைச் சில மாதங்களுக்கு ஒருமுறை அழுத்துங்கள். விழவில்லை, அதாவது டிரிப் ஆகவில்லை என்றால் மாற்றத்தான் வேண்டும். ஒரு கை லைனிலும் (மின்சாரம் வரும் வயர்) மறுகை நியூட்ரலிலும் (அது திரும்பிப் போகும் வயர்) பட்டால் இதனாலும் காப்பாற்ற முடியாமல் போகலாம்.

அடுத்து எர்த், அதாவது கசியும் மின்சாரத்தைத் தரைக்குக் கொண்டுபோகும் வயர். மூன்று பின் பிளக்கை இரண்டு பின் அடாப்டரில் சொருகுவது கீசர் விஷயத்தில் விளையாட்டல்ல. உள்ளே ஹீட்டர் காயில் பழுதானால் டேங்க் வரை மின்சாரம் ஏறும். எர்த் இருந்தால் அது தரைக்குப் போகும், ஆர்சிசிபியும் விழும். இல்லையென்றால் குழாயைத் தொடுபவர்தான் எர்த்.

பிளக் பாயிண்ட் எங்கே? குளியல் தொட்டியின் விளிம்பிலிருந்து 60 செ.மீ. வரை சாதாரண பாயிண்ட் கூடாது என்பது பன்னாட்டு மின்தொழில்நுட்ப ஆணைய விதி. தொட்டியில்லாத ஷவர் என்றால், தண்ணீர் வெளிவரும் இடத்திலிருந்து 1.2 மீட்டர். பல நாட்டு விதிகள் இதைவிடக் கறாரானவை. மூடி போட்ட சாக்கெட் வைத்தால் எங்கும் வைக்கலாம் என்பது தப்புக்கணக்கு. பிளக் சொருகியதும் பல மூடிகள் திறந்தேதான் கிடக்கும்.

2000 வாட் கீசர் 230 வோல்டில் சுமார் 9 ஆம்பியர் இழுக்கும். 6 ஆம்பியர் பாயிண்ட் சூடேறி உருகலாம். எக்ஸ்டென்ஷன் பாக்ஸை உள்ளே கொண்டுபோவது பற்றிப் பேசவே வேண்டாம்.

ஆர்சிசிபி அடிக்கடி விழுகிறதென்று சிலர் அதைத் தவிர்த்து நேரடியாக வயரை இணைத்துவிடுகிறார்கள். அப்படிச் செய்யாமல், எல்லா பிளக்கையும் கழற்றிவிட்டு அதை ஆன் செய்து, ஒவ்வொன்றாகச் சொருகுங்கள். எதைச் சொருகியதும் விழுகிறதோ, பெரும்பாலும் பழுது அதில்தான். எதுவுமே சொருகாதபோதும் விழுந்தால் பெரும்பாலும் வயரிங்கிலேயே லீக்கேஜ். எலக்ட்ரீஷியன் வரும்வரை அந்த லைனை ஆஃப் செய்தே வையுங்கள்.