வீடு பார்க்க வந்தவர்கள்

சிங்கப்பூரின் ஈசூனில் எங்கள் நாலறை வீவக (அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டை விற்க, ஆறு வாரம் சனி ஞாயிறு முழுக்க ஆட்களுக்குக் காட்டினோம். அம்மா விடியலிலேயே தாளிப்பை முடித்து ஜன்னல்களைத் திறந்துவிடுவார். ஒரு சீனத் தம்பதிக்கு வீடு ரொம்பப் பிடித்துவிட்டது. சமையலறையை நாடா வைத்து அளந்தார்கள். அப்புறம்தான் தெரிந்தது, ஒவ்வொரு புளோக்கிலும் எந்த இனத்தாருக்கு எத்தனை வீடு என்று வீவக விகிதம் வைத்திருக்கிறது; எங்கள் புளோக்கில் சீனர்களுக்கான விகிதம் நிரம்பிவிட்டது. விற்பவரும் சீனராக இருந்தால்தான் அவர்கள் வாங்கலாம். அந்தப் பெண்ணின் முகம் வாடியது இன்னும் கண்ணில் நிற்கிறது. 1989 முதல் இருக்கும் விதி, நான் முன்பே பார்த்திருக்க வேண்டும்.

விகிதம் நிரம்பியதா இல்லையா என்ற நிலவரம் மாதந்தோறும் 1ஆம் தேதி புதுப்பிக்கப்படும். அன்றே வீவக இணையத்தளத்தில் பார்த்து, விளம்பரத்திலேயே எழுதிவிட்டேன். வந்தவர்கள் குறைந்தார்கள், ஆனால் எல்லோரும் வாங்கக்கூடியவர்கள். மூன்றாவதாக வந்த மலாய்க் குடும்பம் வாங்கியது.