கணினிக் கடிகாரமும் முள் திருப்பும் பழக்கமும்

சுவர்க் கடிகாரம் பிந்தினால் முள்ளைத் திருப்பிவைப்போம். அதே பழக்கத்தில் மேசைக் கணினியின் நேரத்தையும் திருத்தப் போகிறோம். வம்பு அங்கேதான் ஆரம்பம்.

எங்கள் தெரு ஜெராக்ஸ் கடைக்காரர் காலையில் கடை திறந்ததும் முதல் வேலையாகக் கணினியில் தேதியை மாற்றுவார். ஊதுபத்தி ஏற்றுவதுகூட அதற்குப் பிறகுதான். ஒரு நாள் மறந்துவிட்டார். எந்த இணையதளமும் திறக்கவில்லை. இணைப்பு பாதுகாப்பானதல்ல என்ற எச்சரிக்கையே திரும்பத் திரும்ப வந்தது. இணைய இணைப்பு கொடுத்தவரைப் போனில் வறுத்தெடுத்துக்கொண்டிருந்தார். திரையின் வலது மூலையைப் பார்த்தேன்: 2015 ஜனவரி 1. இணையதளங்களின் பாதுகாப்புச் சான்றிதழுக்குத் தொடக்க நாளும் முடிவு நாளும் உண்டு. 2015இல் நிற்கும் கணினியைப் பொறுத்தவரை அந்தச் சான்றிதழ்கள் இன்னும் பிறக்கவே இல்லை.

குற்றவாளி, மதர்போர்டில் (கணினியின் முதன்மைச் சுற்றுப்பலகையில்) இருக்கும் வட்டமான சிறு பேட்டரி. பெரும்பாலும் சி.ஆர்.2032 வகை, 3 வோல்ட். கணினியை அணைத்தாலும் பிளக்கில் மின்சாரம் இருக்கும்வரை கடிகாரம் அதிலேயே ஓடும். அதுவும் நின்றால்தான் பேட்டரிக்கு வேலை. அதனால் இரவில் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுப் போகிறவர்களுக்கே பேட்டரி செத்த செய்தி முதலில் தெரியவரும். தினமும் தேதியைத் திருத்துவதை விட்டுவிட்டு அதை மாற்றுங்கள், விலை சொற்பம். மின்வயரைப் பிடுங்காமல் மட்டும் கை வைக்காதீர்கள். கூட்டல் குறி உள்ள பக்கம் எப்படி இருந்ததோ அப்படியே புதியதையும் பொருத்துங்கள். பயாஸில் (கணினி தொடங்கும்போது முதலில் ஓடும் அடிப்படை மென்பொருளில்) ஏதாவது மாற்றி வைத்திருந்தால் முதலிலேயே குறித்துக்கொள்ளுங்கள், அழிந்துபோகக்கூடும்.

பேட்டரி நன்றாக இருந்தும் நேரம் தவறுகிறதா? நேர மண்டலத்தைப் பாருங்கள். புதிதாக விண்டோஸ் நிறுவிய கணினிகளில் அமெரிக்காவின் பசிபிக் நேரம் அப்படியே கிடப்பதுண்டு. இங்கே காலை 10 மணி என்றால் அது முந்தைய நாள் இரவு 8.30 காட்டும், அமெரிக்கக் கோடைக்காலத்தில் 9.30. நம்மவர் மண்டலத்தைத் தொடாமல் தேதியையும் மணியையும் மட்டும் மாற்றிக் காலை 10 ஆக்குவார். இப்போது கணினியின் கணக்கில் உலகம் பதின்மூன்றரை மணி நேரம் முன்னே போய்விட்டது. இணையத்திலுள்ள நேர சேவையகத்தைக் கேட்டு நேரத்தைச் சரிசெய்யும் தானியங்கி ஒத்திசைவு வந்து பழையபடி மாற்றும்போது, "கணினி தானாகவே கெடுக்கிறது" என்று அதையும் அணைத்துவிடுவார்! நேர சேவையகம் அனுப்புவது உலகப் பொது நேரத்தை மட்டுமே. அதோடு ஐந்தரை மணி நேரம் கூட்டுவது உங்கள் கணினியின் வேலை. எனவே பட்டியலில் சென்னை, கொல்கத்தா, மும்பை, புது டெல்லி என்ற வரியைத் தேர்ந்தெடுத்துவிட்டு, ஒத்திசைவை மறுபடி இயக்குங்கள்.

விண்டோஸ், லினக்ஸ் என்ற இரண்டு இயங்குதளங்களையும் ஒரே கணினியில் வைத்திருப்பவர்களுக்கு வரும் சிக்கல் வேறு. லினக்ஸிலிருந்து விண்டோஸுக்கு மாறியதும் நேரம் சரியாக ஐந்தரை மணி நேரம் பின்தங்கியிருக்கும். வன்பொருள் கடிகாரத்தில் (மதர்போர்டிலேயே உள்ள கடிகாரத்தில்) ஓடுவது உலகப் பொது நேரம் என்று லினக்ஸும், உள்ளூர் நேரம் என்று விண்டோஸும் எடுத்துக்கொள்வதால் வருவது இது. இரண்டில் ஒன்றை மற்றதன் வழிக்குக் கொண்டுவந்தால் போதும்.

சோதனைக்காலம் முடிந்த மென்பொருளை ஓட்டுவதற்காகத் தேதியைப் பின்னே தள்ளுகிறவர்களும் உண்டு. அன்று சேமித்த கோப்புகள் எல்லாம் பழைய தேதியோடு பட்டியலின் அடியில் போய் ஒளிந்துகொள்ளும். அப்புறம் தேடி அலைய வேண்டியதுதான்.

தேதி சரியாக இருந்தும் எழுதும் முறை மாறியிருந்தால் என்ன ஆகும் என்பதை எக்செல்லில் பார்க்கலாம். தேதி எழுதும் முறையைத் தீர்மானிக்கும் வட்டார அமைப்பு, மாதத்தை முதலில் எழுதும் அமெரிக்க முறையில் இருக்கும்போது, ஏப்ரல் 12 என்ற எண்ணத்தில் 12/04/2025 என்று தட்டினால் அது டிசம்பர் 4 ஆகிவிடும். அடுத்த வரியில் 13/04/2025 என்று தட்டுங்கள்: பதின்மூன்றாம் மாதம் கிடையாது என்பதால் அதைத் தேதியாகவே ஏற்காமல், வெறும் எழுத்தாகக் கட்டத்தின் இடது ஓரத்தில் ஒட்டிவைக்கும். கணக்கில் பாதித் தேதிகள் வலப்பக்கமும் பாதி இடப்பக்கமும் நின்றால், கடிகாரத்தை விட்டுவிட்டு வட்டார அமைப்பைத் திறங்கள்.