டெங்குத் தடுப்பு: இந்த வாரம் எந்தத் தெருவுக்கு ஆள் அனுப்புவது?

வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் நகராட்சி சுகாதாரப் பிரிவு வாராவாரம் எடுக்க வேண்டிய முடிவு இது: கைவசம் உள்ள கொசு ஒழிப்புப் பணியாளர்களை எந்தத் தெருக்களுக்கு அனுப்புவது? பெரும்பாலும் போன வாரம் காய்ச்சல் பதிவான இடத்துக்கே போகிறார்கள். அங்கே போகத்தான் வேண்டும், ஆனால் அது மட்டும் போதாது. கொசு கடித்து 4 முதல் 10 நாள் கழித்தே காய்ச்சல் வரும். பரிசோதனை, அறிக்கை என்று மேலும் சில நாள் ஓடும். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவின் முட்டையோ ஒரு வாரம், பத்து நாளில் கொசுவாகிவிடும். காய்ச்சல் பட்டியல் காட்டுவது ஏறக்குறைய இரண்டு வாரம் பழைய நிலவரத்தை. அதற்கு முன்னால் போக வேண்டுமென்றால், வீடு வீடாகத் தண்ணீர்க் கலன்களில் கொசுப்புழு தேடிப் பதியும் புழு ஆய்வுத் தாளும், பொறியியல் பிரிவிடம் இருக்கும் குடிநீர் விநியோக அட்டவணையும் வேண்டும். மூன்றையும் சேர்க்க ஒரு கணினி, எக்செல், கியூஜிஐஎஸ் என்ற இலவச வரைபட மென்பொருள் ஆகியவை போதும்.

தெருப் பட்டியலில் தொடங்குங்கள். சொத்துவரிப் பதிவேட்டிலிருந்து எல்லாத் தெருக்களையும் எடுத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு குறியீட்டு எண்ணும் வீடுகளின் எண்ணிக்கையும் கொடுங்கள். மற்ற எல்லாப் பதிவுகளும் இந்த எண்ணில்தான் இணைய வேண்டும். இங்கேதான் அதிக நேரம் போகும். ஒரே தெரு மருத்துவமனைப் பட்டியலில் 'பெரியார் நகர் 2வது தெரு', 'பெரியார்நகர் இரண்டாம் வீதி', 'பி.நகர் 2' என்று மூன்று விதமாக இருக்கும். கணினி தானாகப் பொருத்தியதை அப்படியே ஏற்காதீர்கள். அந்த வார்டின் சுகாதார ஆய்வாளர் ஒருமுறை கண்ணால் பார்த்துவிட வேண்டும். வெளியூர் நோயாளிகள் மருத்துவமனை முகவரியில் பதிவாகியிருந்தால், அந்தத் தெரு பொய்யாகச் சிவந்து தெரியும்.

புழு ஆய்வுத் தாளில் வீட்டுக்கு வீடு நான்கு செய்திகள் தேவை: பார்த்தார்களா அல்லது பூட்டியிருந்ததா, தண்ணீர் நின்ற கலன்கள் எத்தனை, புழு இருந்தவை எத்தனை, அவை என்ன வகை (டிரம், சிமெண்ட் தொட்டி, டயர், ஃபிரிட்ஜின் பின்தட்டு). புழு இருந்த வீடுகளைப் பார்த்த வீடுகளால் வகுத்து 100ஆல் பெருக்கினால் வீட்டுக் குறியீடு. பூட்டிய வீட்டை வகுக்கும் எண்ணில் சேர்ப்பதுதான் அடிக்கடி நடக்கும் பிழை. 100 வீடுகளில் 30 பூட்டியிருந்து 4 வீட்டில் புழு இருந்தால் குறியீடு 4 அல்ல, 5.7. பூட்டிய வீடுகளே பெரும்பாலும் ஆபத்தானவை. அவற்றுக்கு மறுவருகைப் பட்டியல் தனியாக இருக்கட்டும்.

சின்னத் தெருக்கள் கணக்கை ஏமாற்றும். 12 வீடுகளில் 2 என்றால் 16.7%; 200 வீடுகளில் 24 என்றால் 12%. முதல் தெரு மோசம் என்று தோன்றும், ஆனால் 12 வீட்டில் ஒன்று கூடினாலும் குறைந்தாலும் விழுக்காடு தாறுமாறாக மாறிவிடும். ஊர்ச் சராசரி 5% என்று கொள்வோம். ஒவ்வொரு தெருவுக்கும் சராசரி நிலையில் 20 வீடுகளைக் கூட்டிக்கொள்ளுங்கள், அதாவது புழு வீடு 1, பார்த்த வீடு 20. முதல் தெரு 3/32, அதாவது 9.4%, இரண்டாவது 25/220, அதாவது 11.4%. வரிசை மாறிவிட்டது.

இனித் தெருக்களை வரிசைப்படுத்த மூன்று அளவுகள்: கடந்த 3 வாரத்தின் (மேலே சொன்னபடி 20 வீடு கூட்டித்) திருத்திய வீட்டுக் குறியீடு, குடிநீர் எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறது, கடந்த 4 வாரத்தில் 200 மீட்டருக்குள் வந்த காய்ச்சல்கள். ஏடிஸ் அதிக தூரம் பறக்காததால்தான் இந்த 200 மீட்டர். ஐந்து நாளுக்கு ஒருமுறை தண்ணீர் வரும் தெருவில் டிரம்கள் நிரம்பி நிற்கும். அங்கே குறியீடு இன்னும் ஏறாவிட்டாலும் கண் வைத்திருக்க வேண்டும். காய்ச்சலுக்கு அறிக்கைத் தேதியை விட்டு, காய்ச்சல் தொடங்கிய தேதியை எடுங்கள். ஒவ்வொரு அளவிலும் தெருவுக்கு ஒரு தரவரிசை கொடுத்து, வீட்டுக் குறியீட்டுக்கு இரட்டை எடை வைத்துக் கூட்டினால் முதல் பட்டியல் தயார்.

அதைக் களத்துக்கு அனுப்புமுன் போன ஆண்டுத் தரவில் சோதியுங்கள். ஏதாவது ஒரு வாரக் கடைசியில் நிற்பதாக வைத்து, அன்றுவரை அலுவலகத்துக்கு வந்து சேர்ந்த பதிவுகளை மட்டும் கொண்டு வரிசையிடுங்கள். பிறகு வந்த பதிவைத் தெரியாமல் சேர்த்துவிட்டால் முடிவு பொய்யாக அழகாக வரும். வரிசையில் மேலே உள்ள தெருக்களை ஊரின் 20% வீடுகள் சேரும்வரை எடுத்தால், அடுத்த 3 வாரக் காய்ச்சல்களில் எத்தனை விழுக்காடு அவற்றில் விழுந்தது? கண்ணை மூடித் தேர்ந்தெடுத்தாலே 20% கிடைக்கும். போன வாரக் காய்ச்சல் எண்ணிக்கையை மட்டும் வைத்துத் தேர்ந்தால் என்ன வருகிறது என்றும் பாருங்கள். அதை வெல்லாத சூத்திரம், எவ்வளவு நவீனமானதாக இருந்தாலும், தேவையில்லை.

பணியாளர் நேரத்தில் ஐந்தில் ஒரு பங்கைக் குலுக்கலில் விழும் தெருக்களுக்கு ஒதுக்குங்கள். தேடிய இடத்தில்தான் புழு கிடைக்கும், கிடைத்த இடத்துக்கே மறுபடி ஆள் போவார்கள். போகாத தெரு பட்டியலில் சுத்தமாகவே தெரியும். இந்தச் சுழலை உடைக்கக் குலுக்கலைத் தவிர வேறு நல்ல வழி இல்லை. ஊரின் உண்மையான சராசரியும் அதிலிருந்தே கிடைக்கும். தேர்ந்த தெருக்களின் குறியீடு குலுக்கல் தெருக்களைவிடத் தெளிவாக உயர்ந்திருக்காவிட்டால், வரிசை முறையைத் திருத்துங்கள்.

'என் வார்டுக்கு ஏன் வரவில்லை' என்ற கேள்வி மன்றக் கூட்டத்தில் நிச்சயம் வரும். அமெரிக்காவின் ஃபிளிண்ட் நகரில் ஈயக் குழாய்களை மாற்ற, எந்த வீட்டில் அவை இருக்கும் என்று கணினி மாதிரி கணித்துத் தந்தது. 2017இல் தோண்டிய இடங்களில் சுமார் 70% சரியாக அமைந்தன. 2018இல் அந்த வரிசை கைவிடப்பட்டு எல்லாப் பகுதியிலும் தோண்டியபோது அது 15% அளவுக்கு இறங்கியது. வரிசையைக் கைவிட்டால் இழப்பு இவ்வளவு. ஆகவே வரிசை எப்படி அமைந்தது என்பதைப் பருவத்துக்கு முன்பே கவுன்சிலர்களிடம் ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுத்துவிடுங்கள். குலுக்கலில் எல்லா வார்டும் இருப்பதையும் அதில் சொல்லுங்கள்.

எல்லாவற்றையும் கெடுக்கக்கூடியது பொய்ப் பூஜ்ஜியம். குறியீடு உயர்ந்தால் திட்டு விழும் என்றால், பெரும்பாலும் தினக்கூலியில் உழைக்கும் அந்தப் பணியாளர்கள் 0 என்றே எழுதுவார்கள். குற்றம் அவர்களுடையது அல்ல. புழு கண்டுபிடித்ததை நல்ல வேலையாகவே பதியுங்கள். மேற்பார்வையாளர் மறுநாளுக்குள் 20 வீட்டுக்கு ஒன்று வீதம் மறுபடி பார்க்கட்டும். வாரக்கணக்கில் பூஜ்ஜியமே வரும் தாளையும், ஒரு மணி நேரத்தில் 50 வீடு முடிந்ததாகச் சொல்லும் தாளையும் முதலில் எடுங்கள்.

வரைபடக் கோப்பில் நோயாளியின் பெயர், கைபேசி எண், கதவு எண் எதுவும் இருக்கக் கூடாது. தெருக் குறியீடு போதும். பொதுமக்களுக்கு வெளியிடும்போது வார்டு அளவில் நிறுத்திக்கொள்ளுங்கள், ஏனென்றால் 12 வீட்டுத் தெருவில் ஒரு புள்ளி வைத்தாலே யார் வீடு என்று தெரிந்துவிடும். வெள்ளி மாலைக்குள் வரிசை தயாராகி, பூட்டிய வீடுகளின் பட்டியலோடு சனிக்கிழமை ஆய்வாளர்கள் கைக்குப் போய்விட்டால், திங்கள் காலை ஆட்கள் நேராகத் தெருவுக்குப் போகலாம்.